மூன்று போன்கள் வரைந்த வலை

யுத்தம் முடிந்து எட்டு ஒன்பது வருஷங்கள் ஆகியிருந்தன. டிசம்பர் மாதம். புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வழியில், நுரைச்சோலை தாண்டிக் கடல் பக்கமாகத் திரும்பினால் வரும் ஒரு மீன்பிடிக் கிராமத்தின் பொது மண்டபத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. இஸ்திரி போட்ட புது அபாயாவோடும் தோளில் மாட்டிய மடிக்கணினியோடும் பெரிய ஆள் போல பஸ்ஸை விட்டு இறங்கினேன். மறுநாள் பின்னேரம் அதே இடத்தில் திரும்ப பஸ் ஏறும்போது என் உடுப்பெல்லாம் மீன் செதில். பக்கத்து ஸீட்டில் புத்தளம் வரைக்கும் யாரும் உட்காரவில்லை.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கரையோரத்துக்கு ஒரு அபிவிருத்தித் திட்டம் தயாரித்துக்கொண்டிருந்த அலுவலகத்தில் ஒப்பந்த வேலை. முன்பென்றால் திட்டத்தை அலுவலகச் சுவரில் ஒட்டிவிட்டு, ஆட்சேபணை இருந்தால் எழுத்தில் தரவும் என்று அறிவித்தல் போடுவார்கள். யார் போய்ப் பார்ப்பது? இந்த முறை திட்டம் முழுவதையும் ஒரு வரைபடமாக இணையத்தில் போட்டிருந்தோம். யாரும் தன் போனில் அதைத் திறந்து, தன் வீட்டையோ வீதியையோ தேடிப் பிடித்து, அதன் மேல் விரலை வைத்தால் ஒரு பெட்டி திறக்கும். தமிழிலோ சிங்களத்திலோ மனதில் உள்ளதை எழுதலாம். எழுதியது நேரே திட்டக் குழுவுக்குப் போய்விடும்.

அதில் முக்கால்வாசி என் கைவேலை. தலைக்கனத்துக்குக் கேட்கவா வேண்டும்! வாப்பாவின் போனில் திறந்து கொடுத்தேன்; எங்கள் ஒழுங்கை முனையில் உடைந்து கிடக்கும் மதகைப் பற்றி ஒரே நாளில் நான்கு தடவை எழுதிவிட்டார். இனி யாரும் எதற்கும் அரசாங்கக் கச்சேரிப் படி ஏறத் தேவையில்லை என்று உம்மாவிடம் பெருமையடித்தேன்.

அந்த வரைபடத்துக்கு அடிப்படை ஜூன் மாதம் எடுத்த ஒரு செய்மதிப் படம். மேலிருந்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்து, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து நானே ஒவ்வொன்றாகக் கோடு போட்டு நிறம் கொடுத்தேன். வீடு என்றால் சிவப்பு, தென்னந்தோட்டம் பச்சை, வெங்காயத் தோட்டம் மஞ்சள். ஒன்றுமே தெரியாத இடத்துக்குச் சாம்பல் நிறம், பெயர் 'வெற்று நிலம்'. பிறகு நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. ஜூலை மாதம் அலுவலக வாகனத்தில் போனேன். காற்று மணலை அள்ளி முகத்தில் எறிந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே இருந்தபடியே பார்த்தேன். நீளமான மணற்கரை, துருப்பிடித்த ஒரு நங்கூரம், இரண்டு காகம். சரி என்று அடையாளம் போட்டுவிட்டுத் திரும்பினேன். பத்து நிமிஷம்கூட அங்கே நிற்கவில்லை.

அந்தச் சாம்பல் நிறத்தின் மேல்தான் திட்டம் போட்டவர்கள் ஒரு வாகனத் தரிப்பிடம் வரைந்தார்கள். காற்றில் பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்காகக் கொங்கிரீட் நடைபாதை, விளக்குக் கம்பங்கள், இருக்கைகள். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. யாருடைய வீடும் உடைபடவில்லை என்று எல்லோருக்கும் திருப்தி.

கருத்துச் சொல்வதற்கான காலம் முடிய ஒரு நாள் இருக்கும்போதுதான் அந்த மண்டபக் கூட்டம். எங்கள் திட்டமிடல் அதிகாரி வந்திருந்தார். சிங்களவர், ஆனால் தமிழை நிதானமாக, பிழையில்லாமல் கதைக்கப் பார்க்கிற மனிதர். நாங்கள் அவரை சேர் என்போம். புரொஜெக்டரில் வரைபடத்தைப் பெரிதாகப் போட்டு, விரலை எங்கே வைப்பது, எப்படி எழுதுவது என்று நான் உற்சாகமாக விளக்கினேன். முடித்ததும் கைதட்டுவார்கள் என்றுகூட நினைத்தேன். யாரும் தட்டவில்லை. நடு வரிசையில் ஒரு பெண் எழும்பினார். முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் செபமாலை, கையில் திரை வெடித்த போன்.

"மிஸ், நீங்க சொன்ன மாதிரித்தான் மூண்டு நாளா அமத்திப் பாக்கிறன். எல்லாருக்கும் தெரியிற மாதிரி அந்தத் திரையில ஒருக்கா அமத்திக் காட்டுங்க. அந்தா, அந்தக் கடக்கரையில."

காட்டினேன். சாம்பல் நிறத்தின் மேல் அழுத்தியதும் திரை முழுக்கப் பெரிய எழுத்தில் விழுந்தது: 'இங்கே கருத்துச் சொல்ல எதுவும் இல்லை.'

அது நான் எழுதிய வரி. வெற்று நிலத்தைப் பற்றி யாருக்கு என்ன சொல்ல இருக்கப் போகிறது, பெட்டி திறந்து வேலையில்லாதவர்கள் கண்டதையும் எழுதுவார்கள் என்று நினைத்து நான்தான் பூட்டி வைத்திருந்தேன்.

"பாத்தீங்களா?" என்று அவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "நாங்க முப்பது பேர் நிண்டு வலை இழுக்கிற இடம். எதுவும் இல்லையாம்!"

மண்டபம் இரைந்தது. தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நேரத்தில் ஏச்சு. அரசாங்கம் கடற்கரையை விற்கப் போகிறது என்று ஒருவர், கேள்வி கேட்காமல் இருக்கத்தான் பூட்டியிருக்கிறார்கள் என்று இன்னொருவர். சேர் கையை உயர்த்தி, இணையத்தளத்தில் ஏதோ சின்னக் கோளாறு, திருத்திவிடுவோம் என்றார். அவருக்கு உண்மை தெரியாது. நான் பேசாமல் இருந்திருந்தால் அது கோளாறாகவே போயிருக்கும். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் பேசாமல்தான் இருந்தேன். அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"கோளாறு இல்ல சேர். அந்த நிறம் போட்டது நான். ஜூலை மாசம் வாகனத்துக்குள்ள இருந்து பாத்திட்டு ஒண்டுமில்ல எண்டு போட்டதும் நான்தான்" என்றேன்.

இனிக் கதிரை பறக்கும் என்று நினைத்தேன். அந்தப் பெண் சிரித்துவிட்டார்.

"ஜூலையிலயா? அனே மிஸ், ஜூலையில இங்க ஆர் நிக்கிற? கடல் குழம்பினா நாங்க திருகோணமலைப் பக்கம் போயிருவம். வாடிக் குடிசையைக் கழட்டிக் கிடுகையும் கட்டிக்கொண்டு போனா, ஒக்டோபர்லதான் வருவம்." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "பிழை உங்கடதெண்டா நீங்களே அழிங்க" என்றார்.

கூட்டம் கலைந்த பிறகு அந்தப் பெண், அன்றிலிருந்து எனக்கு அக்கா, என்னைக் கையைப் பிடித்துக் கடற்கரைக்கே கூட்டிக்கொண்டு போனார். புருஷன் இத்தாலியில். தகப்பனிடமிருந்து வந்த கரைவலையை அவரே ஆள் வைத்து நடத்துகிறார். கரைவலை இழுப்பதற்கென்று ஒதுக்கப்பட்ட கரைத்துண்டைப் பாடு என்கிறார்கள். அந்தப் பாட்டில் இரண்டு வலைக்காரர்களுக்கு உரிமை. ஒருநாள் இவருக்கு, ஒருநாள் மற்றவருக்கு என்று முறை. ஒரு கல் கிடந்தாலும் கயிறும் வலையும் சிக்கிக் கிழியும் என்பதால் கம்பு, தடி, சிப்பி என்று எதையும் அங்கே கிடக்க விடமாட்டார்களாம். நான் வாகனக் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்த வெறுமை அவர்கள் இருக்கும் மாதமெல்லாம் கூட்டிப் பெருக்கி உண்டாக்கிய வெறுமை. அதன் நடுவில் விளக்குக் கம்பம் நட்டால் வலை அன்றோடு சரி. வலை போனால் அந்த அக்காவுக்கு வேறு பிழைப்பு இல்லை. கயிறு இழுக்கும் முப்பது பேருக்கும் இல்லை. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

பூட்டைத் திறப்பது ஐந்து நிமிஷ வேலை. மண்டபப் படியில் உட்கார்ந்து அதைச் செய்து முடித்தேன். ஆனால் சேர் தலையை ஆட்டினார்.

"கருத்து மட்டும் காணாது மிஸ். குழு பாக்கிறது வரைபடத்தை. இந்த இடத்தில என்ன நடக்குது, எங்க இருந்து எங்க வரைக்கும் எண்டு அளந்த கோடு வேணும். நாளைக்கு நாலு மணிக்கு எல்லாம் மூடுறது. அதுக்குப் பிறகு நான் கேட்டாலும் உள்ள எடுக்க மாட்டாங்க."

அளப்பதற்கு ஆளும் இல்லை, கருவியும் இல்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நடக்கும் வழியைக் கோடாகப் பதியும் ஒரு செயலி என் போனில் இருந்தது. காலையில் உடம்பு இளைக்க நடப்பதற்காகப் போட்டது. இரண்டு நாள் நடந்ததோடு சரி. வலை வளைக்கும் தோணியில் ஒரு போன், கயிறு இழுக்கும் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு போன் வைத்தால், அவர்கள் போகிற வழியெல்லாம் தானாகவே வரைபடத்தில் விழாதா? சொல்லச் சொல்ல எனக்கே மூச்சு வாங்கியது. சேர், "செய்யுங்க. நேரத்துக்கு அனுப்பினா எடுக்கிறது என்ட பொறுப்பு" என்றார்.

அக்காவின் முகம் மட்டும் விழுந்துவிட்டது. மறுநாள் அவருடைய முறை இல்லை. மற்ற வலைக்காரரின் முறை. ஏதோ ஒரு நாள் முறை மாறிய சண்டையில் இரண்டு பேரும் இரண்டு வருஷமாக முகம் பார்ப்பதில்லை. பாட்டில் முறை என்பது விளையாட்டில்லை, கேட்டு வாங்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள் என்றார். கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு திடீரென்று திரும்பி, அந்த மனிதரின் வாடியை நோக்கி விறுவிறு என்று போனார். நானும் பின்னால் ஓடினேன்.

ஐம்பது வயது தாண்டிய மனிதர். வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. அக்கா வெளியே நின்றபடி எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், "உங்கட முறையை நான் கேக்கல்ல. நீங்களே இழுங்க. பாடு போனா ரெண்டு பேருக்கும்தான் போகும்" என்றார்.

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார்: "போனை எங்க கட்டுற?"

இரவு வீட்டுக்குப் போய்விட்டு, மறுநாள் முதல் பஸ்ஸில் திரும்ப வந்து இறங்கினேன். ஒரு போனைச் சொப்பிங் பேக்கில் சுற்றித் தோணியில் கட்டினோம். அது என் போன். இன்னொன்று அக்காவின் வெடித்த திரைப் போன், வடக்குக் கயிற்றுக்காரர்களோடு. மூன்றாவது அந்த மனிதருடையது. அவரே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தெற்குக் கயிற்றுக்குப் போனார். ஒரு கயிற்று நுனியைக் கரையில் விட்டுவிட்டுத் தோணி வலையை இறக்கிக்கொண்டே கடலுக்குள் வளைந்து போய், தூரத்தில் மறு நுனியோடு கரையேறியது. இரண்டு பக்கமும் பாட்டு எடுத்து இழுத்தார்கள். சும்மா நிற்க முடியாமல் நானும் கயிற்றைப் பிடித்தேன்.

முதல் வலை கரைக்கு வந்தபோது பத்து மணி தாண்டிவிட்டது. ஓடிப் போய்த் தோணியிலிருந்த போனைப் பிரித்தேன். பைக்குள் நீர் வியர்த்துத் திரையில் பட்டு, பதிவு தொடங்கிய இரண்டாவது நிமிஷத்திலேயே நின்றிருந்தது. கடல் பக்கம் ஒரு கோடும் இல்லை! யா அல்லாஹ், அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்துவிட்டது. அந்த மனிதர் எட்டிப் பார்த்தார். தன் ஆட்களைப் பார்த்து, இன்னொரு தடவை வலை போடச் சொன்னார். அன்று முதல் வலையிலேயே போதுமான மீன் பட்டிருந்தது. இரண்டாவது வலை எனக்காகத்தான்.

இந்த முறை அக்கா தன் பிளாஸ்டிக் சோற்றுப் பெட்டியைக் காலி செய்து, துடைத்து, திரையைப் பூட்டிய போனை அதற்குள் வைத்தார். உள்ளே இருந்த சோறும் சூடைமீன் பொரியலும் என் வயிற்றுக்குப் போனது. தோணி புறப்பட்டது. மறுபடி கயிறு. உள்ளங்கை இரண்டிலும் தோல் கொப்பளித்துவிட்டது. கடைசி ஆள் கயிற்றை விட்டுவிட்டு முன்னுக்கு ஓடித் தண்ணீருக்குள் பிடிப்பதும், பின்னுக்கு நடந்து ஏறுவதும், இரண்டு கூட்டமும் அடியடியாக ஒன்றை நோக்கி ஒன்று நகர்வதும் எனக்கு இப்போதுதான் கண்ணில் பட்டது. ஓரிடத்தில் நின்று இழுக்கிறார்கள் என்றல்லவா நினைத்திருந்தேன்! கரையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் அவர்களுக்கு வேலை இருந்தது. மீன் சேரும் வலையின் மடி கரையில் புரண்டபோது மணி மூன்று.

தோணிக்குப் பக்கத்திலேயே மடிக்கணினியைத் திறந்து மூன்று போன்களின் பதிவையும் ஏற்றினேன். முப்பது பேரும் என் தலைக்கு மேல் குனிந்து நின்றார்கள். முதலில் கடலுக்குள் ஒரு பெரிய வளைவு விழுந்தது. பிறகு கரையில், வடக்கிலிருந்து சீப்புப் பல் போல நெருக்கமாக மேலும் கீழும் கோடுகள். தெற்கிலிருந்தும் அப்படியே. இரண்டும் நடுவில் வந்து முட்டின. சாம்பல் நிறத்தில் ஒரு இடுக்கு மிச்சமில்லை. வலையே வரைபடத்தில் விரிந்து கிடந்தது! யாரோ விசில் அடித்தார். ஒருவர் மீன் கையோடு திரையைத் தொட்டு, "இந்தா, இது நான் ஓடினது!" என்று கத்தினார். எனக்கு உடம்பு புல்லரித்தது. படித்துப் பெற்ற சான்றிதழ்கூட எனக்கு அந்தச் சந்தோஷத்தைத் தந்ததில்லை.

அனுப்பு என்று அழுத்தினேன். சக்கரம் சுற்றியது, சுற்றியது, நின்றுவிட்டது. சிக்னல் இல்லை. மூன்று பத்து.

"மெயின் ரோட்டில வரும்!" என்றார் அக்கா. மீன் ஏற்ற வந்த லொறி ஒன்று நின்றது. பெட்டி ஏற்றி முடியும் முன்பே அந்த மனிதர் ட்ரைவரைத் தோளில் தட்டி, ஆட்களை எடு என்றார். நானும் அக்காவும் முன் ஸீட்டில் ஏறினோம். லொறி மணலில் புதைந்து கிளம்ப மறுத்தது. கரைவலைக்காரர் எல்லோரும் பின்னால் நின்று தள்ளினார்கள். இரண்டு வருஷமாகப் பேசாத மனிதர் பின்னால் ஓடிவந்துகொண்டே, "கெதியாப் போ பிள்ளை! விட்டிராதே!" என்று அக்காவைப் பார்த்துக் கத்தினார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காதது போல இருந்துவிட்டேன்.

மடியில் கணினி, அதற்கு இணையம் கொடுக்கக் கையில் தூக்கிப் பிடித்த போன், அதில் நான்கு வீதம் சார்ஜ். வெங்காயத் தோட்டங்கள் இரண்டு பக்கமும் ஓடின. சிக்னலில் ஒரு கோடு வந்தது, போனது. இரண்டு கோடு வந்ததும், "நிப்பாட்டுங்க!" என்று கத்தினேன். தோட்டத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த இடத்தில் லொறி நின்றது. தூறல் உள்ளே அடித்தது. அபாயா நுனியால் கணினியை மூடிக்கொண்டு திரும்ப அழுத்தினேன். அக்கா செபமாலையைப் பிடித்திருந்தார், நான் ஓதிக்கொண்டிருந்தேன், ட்ரைவர் புத்தரை நினைத்தாரோ என்னவோ, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மூன்று நாற்பத்தெட்டுக்குப் பச்சை நிறத்தில் 'கிடைத்தது' என்று வந்தது. அடுத்த நிமிஷம் போன் செத்தது. மூன்று பேரும் லொறிக்குள் சத்தம் போட்ட சத்தத்தில் தோட்டத்துக்காரர் தண்ணீரை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்.

மறுநாள் அலுவலகத்தில் திறந்து பார்த்தேன். பூட்டைத் திறந்திருந்த அந்த இடத்தில் கருத்துகள் குவிந்து கிடந்தன. முதலாவது அக்காவுடையது: 'இப்ப அமத்தினா வேலை செய்யுது மிஸ். இது எங்கட பாடு. இங்க வாகனம் விட வேண்டாம்.' அதற்குக் கீழே அந்த மனிதர், 'மேலே எழுதியது சரி' என்று மட்டும் எழுதியிருந்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான் என்று ஊரெல்லாம் சிரித்ததாக அக்கா பிறகு போனில் சொன்னார்.

வாகனத் தரிப்பிடம் வீதிக்கு உட்பக்கமாக, பாழடைந்த ஒரு தென்னந்தோட்டத்துக்கு மாறியது. இறுதி வரைபடத்தில் அந்தக் கரைக்குப் புது நிறமும் 'கரைவலைப் பாடு' என்ற பெயரும் கிடைத்தன. அதைச் சொல்ல சேர் என் மேசைக்கே வந்தார். வந்தவர், அடுத்த முறை கண்ணாடியை இறக்கிவிட்டுப் பாருங்கள் என்றும் சொல்லிவிட்டுத்தான் போனார். அதுவும் எனக்கு வேண்டியதுதான்.

அந்த வேலையை விட்டுப் பல வருஷமாகிறது. இப்போதும் வரைபடம்தான் செய்கிறேன். எந்த ஊருக்குச் செய்தாலும் படம் எந்த மாதத்தில் எடுத்தது என்று கேட்காமல் ஒரு கோடு போடுவதில்லை. இன்னொன்றையும் விடாமல் செய்கிறேன். நிறமில்லாத இடத்தில் யாராவது விரலை வைத்தால் இப்போது திரையில் வருவது, 'இந்த இடத்தைப் பற்றி எங்களுக்கு இன்னும் தெரியாது. தயவுசெய்து சொல்லுங்கள்' என்ற வரி. முப்பது பேர் இரண்டு தடவை கயிறு இழுத்துத்தான் என்னிடமிருந்து அந்த ஒரு வரியை வெளியே எடுத்தார்கள். அதைத் தட்டச்சு செய்யும் ஒவ்வொரு முறையும் என் உள்ளங்கை இன்னும் கொஞ்சம் எரிகிறது.